சுண்ணாம்புக்கல்லில் ஒளியின் சாஸ்திரம்

பெரம்பலூரிலிருந்து கிழக்கே அரியலூரை நோக்கிச் செல்லும் சாலையில் சித்திரை மாதத்து நடுப்பகலில் பிரயாணம் செய்கிறவர், ஒரே சூரியனின் கிரணங்கள் இரண்டு வகை மண்ணின்மேல் விழுந்து இரண்டு விதமாக நடந்துகொள்வதைக் கண்ணாரக் காணலாம். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் காடுகள், தம்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும் பகுதியை உள்வாங்கி, அதையே வெப்பமாக மாற்றி, நடக்கிறவனுடைய உள்ளங்காலைச் சுடுகின்றன. அவற்றை அடுத்துள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் வெட்டுமுகங்களோ வந்த வெளிச்சத்தில் பெரும் பகுதியைத் திருப்பி அனுப்பி, ஏறிட்டுப் பார்க்க ஒட்டாமல் கண்ணைக் கூசச் செய்கின்றன. ஒளியானது ஒரு பொருளைச் சந்திக்கும்போது உட்கவரப்படலாம், திருப்பி அனுப்பப்படலாம், ஊடுருவித் திசை மாறிச் செல்லலாம், நாலா பக்கமும் சிதறலாம். பாடப்புத்தகத்தில் நான்கு வரிகளில் முடிந்துபோகும் இந்த விஷயத்துக்குப் பிரத்தியட்சமான சாட்சி, இந்த இரண்டு மாவட்டங்களின் மண்ணிலும் கல்லிலும் கிளிஞ்சல்களிலும் சிமெண்ட் சூளைகளிலும் நிறைந்து கிடக்கிறது.

பழைய திருச்சிராப்பள்ளி ஜில்லாவிலிருந்து 1995-ல் பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து பிரிந்து, மறுபடியும் அதனோடே சேர்ந்து, 2007-ல் நிலையாகத் தனி மாவட்டமானது அரியலூர். ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், புவியியலார் கிரெட்டேசியஸ் என்று கூறும் யுகத்தில், இப்பிரதேசத்தின் பெரும் பகுதியைச் சமுத்திரம் மூடியிருந்தது. அந்தச் சமுத்திரத்தில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளும் சங்குகளும், சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டுகளும் படிந்து இறுகியதால் உண்டானதே இங்குள்ள சுண்ணாம்புக்கல். 1862-ல் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இந்தப் பாறை அடுக்குகளை விஸ்தாரமாக வர்ணித்தார். அவருக்குப் பின் ஸ்டோலிச்கா என்பவர் இங்கே கிடைத்த உயிரினப் படிமங்களைப் பற்றிப் பெரிய தொகுதிகளாக எழுதினார். ஆகவே உலகத்துப் புவியியலாருக்கு அரியலூர் என்னும் பெயர் ஒன்றரை நூற்றாண்டாகப் பழக்கமானது. ஒளியைப் பயிலுகிறவர்களுக்கும் அது பழக்கமாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒளி என்பது எது என்று தெளிந்துகொள்வோம். 1865-ல் மேக்ஸ்வெல் என்னும் ஸ்காட்லாந்து தேசத்து மேதை, மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய விதிகளைச் சமன்பாடுகளாக அமைத்தபோது, மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு அலையாகப் பரவ முடியும் என்றும், அந்த அலையின் வேகம் ஒளியின் வேகமாகவே இருக்கிறது என்றும் கண்டு, ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவுக்கு வந்தார். வெற்றிடத்தில் விநாடிக்கு 2,99,792 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இந்த அலைகளுக்குள் வேற்றுமை அலைநீளத்தில் மாத்திரமே உண்டு. வானொலி அலையின் நீளம் பல மீட்டர். கைப்பேசிக்கு வந்துபோகும் அலையின் நீளம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர் முதல் சில பத்துச் சென்டிமீட்டர் வரை. அதற்குக் கீழே அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், புற ஊதா, எக்ஸ் கதிர், காமாக் கதிர் என்று நீளம் குறைந்துகொண்டே போகிறது. கண்ணுக்குப் புலனாகும் பகுதி ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சுமார் 400 பங்கிலிருந்து 700 பங்கு வரை உள்ள அலைகளே. ஒரு ஸ்வரத்தின் அதிர்வெண் இரட்டிப்பாகும்போது அடுத்த ஸ்தாயி வருகிறது என்று சங்கீதக்காரர்கள் அறிவார்கள். அந்த முறையில் எண்ணினால் வானொலி முதல் காமாக் கதிர் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்தாயிகள் இருக்க, மனிதனுடைய கண்ணுக்கு வாய்த்திருப்பது முழுமையாக ஒரு ஸ்தாயிகூட இல்லை.

மற்றவையும் ஒளியின் இனமே என்பது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. 1800-ல் வில்லியம் ஹெர்ஷல், பட்டகம் பிரித்துக் காட்டிய நிறங்களில் ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்துப் பார்த்து, சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு இருளாகத் தெரிந்த இடத்தில், பாதரசம் இன்னும் உயரக் கண்டார். அடுத்த ஆண்டில் ரிட்டர், வெள்ளி உப்பு ஊதாவுக்கு அப்பாலும் கருத்துப்போவதைக் கண்டார். மேக்ஸ்வெல் சொன்ன அலைகளை ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது 1880-களின் பிற்பகுதியில். அதற்குச் சில ஆண்டுகளுக்குள், 1895-ல், கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின் அலைகளை உண்டாக்கி, ஒளியைப் போலவே அவையும் படிகங்களுக்குள் இரண்டாகப் பிளக்கின்றன என்று நிரூபித்தார். போஸ் தம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இந்தப் பிளவையே விஷயமாக எடுத்துக்கொண்டதை நாம் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் ஒளியை இரண்டாகப் பிளக்கும் படிகங்களில் தலைசிறந்தது அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் உட்பொருளாகிய கால்சைட்.

சுண்ணாம்புக்கல்லின் முக்கியமான தாது கால்சைட். அது மாசில்லாத பெரிய படிகமாக விளையும்போது கண்ணாடியைப் போல் தெளிவாக இருக்கும். அப்படியிருக்க, சுண்ணாம்புக்கல் மட்டும் ஏன் ஒளிபுகாத வெண்மையாகவும் பழுப்பாகவும் கிடக்கிறது? கல்லுக்குள் இருப்பவை எண்ணற்ற நுண்ணிய படிகங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்கிக் கிடக்கிறது. உள்ளே புகும் ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிறிது திரும்பியும் சிறிது திசை மாறியும் அலைந்து, கடைசியில் வந்த வழியே சிதறி வெளியேறுகிறது. எல்லா நிறங்களும் சமமாகச் சிதறுவதால் வெண்மை தோன்றுகிறது. இரும்புத்துருவும் களிமண்ணும் கலந்த இடத்தில் நீலப் பகுதி உட்கவரப்பட்டுக் கல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது.

தெளிவான கால்சைட் படிகத்தை அச்சிட்ட தாளின்மேல் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் இரண்டாகத் தெரியும். இதை 1669-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தோலின் எழுதிவைத்தார். படிகத்துக்குள் புகும் ஒளி இரண்டு கிரணங்களாகப் பிரிந்து, ஒன்று 1.658 என்ற விலகல் எண்ணுடனும், மற்றது, செல்லும் திசைக்கேற்ப 1.486 வரை இறங்கக்கூடிய எண்ணுடனும் வெவ்வேறு வேகத்தில் செல்வதே இதற்குக் காரணம். அலைக்கொள்கையின் தந்தையான ஹைகன்ஸ் 1690-ல் வெளியிட்ட நூலில் இந்த விசித்திரத்துக்கு விளக்கம் தர முயன்று பாதி வழி சென்றார். பிரிந்த இரண்டு கிரணங்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அதிர்கின்றன என்னும் உண்மை அவருக்கு எட்டவில்லை. 1808-ல் பாரிஸ் நகரத்தில் மாலூஸ் என்பவர், லக்ஸம்பர்க் மாளிகையின் ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய அஸ்தமன சூரியனை ஒரு கால்சைட் துண்டின் வழியே பார்த்து, துண்டைத் திருப்பத் திருப்ப இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்குவதைக் கண்டார். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும் இயல்பை, அதாவது தளவிளைவை, பெற்றுவிடுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1828-ல் எடின்பரோவில் வில்லியம் நிக்கல் கால்சைட்டை வெட்டிப் பிசினால் ஒட்டி, இரண்டு கிரணங்களில் ஒன்றை ஒதுக்கித்தள்ளி மற்றதை மட்டும் வெளிவிடும் பட்டகத்தைச் செய்தார். அதன் பெயர் நிக்கல் பட்டகம்.

இந்த நிக்கல் பட்டகம் ஒன்று 1921-ல் ஒரு தமிழருடைய கையில் இருந்தது. திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்தவரும், பெரம்பலூரும் அரியலூரும் அடங்கியிருந்த அதே திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் புதல்வருமான சந்திரசேகர வேங்கட ராமன், இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் திரும்பிவரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தில் மனத்தைப் பறிகொடுத்தார். ஆகாயத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதாலேயே கடல் நீலமாகத் தோன்றுகிறது என்று ராலே பிரபு கூறியிருந்தார். ராமன் கடற்பரப்பின் பிரதிபலிப்பை நிக்கல் பட்டகத்தால் மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, முன்னிலும் ஆழ்ந்து தெரிந்தது. ஆகவே அந்த நிறம் தண்ணீருக்குள்ளே ஒளி சிதறுவதால் வருவது என்று முடிவு செய்து, பம்பாய்க்கு வந்து சேர்ந்ததும் ‘நேச்சர்’ பத்திரிகைக்கு எழுதினார். ராலேயைப் போன்ற ஒரு மகானுடைய வாக்கைச் சோதித்துப் பார்க்க அவருக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு கால்சைட் துண்டு போதுமாயிருந்தது. அந்தக் கால்சைட் எந்தத் தாதுவோ அதே தாதுதான் அரியலூரில் லாரி லாரியாகச் சூளைக்குப் போகிறது.

ராமனுடைய வினா ஏழு ஆண்டுகள் வளர்ந்து, 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி கல்கத்தாவில் முடிந்தது. கே. எஸ். கிருஷ்ணனுடைய துணையோடு அவர் கண்டது இது: ஒரே நிறமுள்ள ஒளியைத் திரவத்தின் ஊடே செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறிய பங்கு, மூலக்கூறுகளின் அதிர்வுக்குச் சிறிது சக்தியைக் கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ, வேறு அலைநீளத்தோடு வெளிவருகிறது. அந்த மாற்றத்தின் அளவு ஒவ்வொரு பொருளுக்கும் தனி. 1930-ல் நோபல் பரிசு இதற்கே கிடைத்தது. அரியலூர்ப் பகுதியின் கல்லான கிளிஞ்சல்களை ஆராய்கிறவர்களுக்கு இன்று இந்த முறை பெரும் உதவி. கிளிஞ்சலின் உட்புறத்து முத்துப்படலம் அரகோனைட் என்னும் தாதுவால் ஆனது. கால்சைட்டுக்கும் அதற்கும் ரசாயனக் கட்டு ஒன்றே. அணுக்களின் அடுக்குமுறை மட்டும் வேறு. யுகயுகாந்தரமாக மண்ணுக்குள் கிடக்கும்போது அரகோனைட் மெல்ல மெல்லக் கால்சைட்டாக மாறிவிடும். எடை போட்டாலும் அமிலம் விட்டாலும் இரண்டையும் பிரித்தறிவது அரிது. ராமன் நிறமாலையில் கால்சைட் 712 என்ற அலையெண்ணிலும், அரகோனைட் 705-ஐ ஒட்டியும் கோடு காட்டிவிடும். அதைக் கொண்டு ஓடு தன் ஆதி நிலையில் இருக்கிறதா, உருமாறிவிட்டதா என்று கல்லைச் சிதைக்காமலே அறியலாம். 2021-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அமெரிக்க ஊர்தியில் இதே முறையில் வேலை செய்யும் கருவிகள் இருக்கின்றன.

முத்துப்படலத்தைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட அம்மோனைட் ஓட்டைச் சாய்த்துப் பிடித்தால் பச்சையும் செம்மையும் மாறி மாறி மின்னும். அந்த நிறங்கள் சாயத்தால் வந்தவை அல்ல. ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிப்புள்ள அரகோனைட் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, ஒவ்வோர் ஏட்டிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடி, சில நிறங்களை வலுப்படுத்தியும் சிலவற்றை அழித்தும் விளைக்கும் குறுக்கீடே அது. ராமன் பெங்களூருக்கு வந்த பின், 1930-களில், இத்தகைய கிளிஞ்சல்களின் நிறத்தைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். நோபல் பரிசு பெற்ற மேதை கிளிஞ்சலைக் குழந்தையைப் போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்பது, ஆடம்பரமான கருவிகள் இல்லையே என்று வருந்தும் நம் பள்ளி ஆசிரியர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையையும் கொளக்காநத்தத்தையும் சூழ்ந்த, மழைநீர் அரித்துச் செதுக்கிய செம்மண் களி மேடுகளில் ஜிப்சம் ஏடு ஏடாகக் கிடைக்கிறது. சிமெண்ட் சீக்கிரம் இறுகிவிடாமல் தடுக்க, சூளையில் வெந்து வரும் கிளிங்கர் கட்டிகளோடு அரைக்கப்படும் அந்த ஜிப்சத்தின் மெல்லிய தகடே, புவியியலாருடைய தளவிளைவு நுண்ணோக்கியில் ஒளியின் இரண்டு கிரணங்களுக்கும் உள்ள வேக வேற்றுமையை அளக்க நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. 1940-ல் புவியியலார் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த சாத்தனூர்க் கல்மரம், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து, சிலிகா ஏறிக் கல்லாகி, 18 மீட்டர் நீளத்துக்கு அங்கே படுத்திருக்கிறது. அத்தகைய மரக்கல்லில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் மூன்று பங்கு தடிப்புள்ள சீவலை எடுத்து ஒளியை ஊடே விட்டால் மரத்தின் உயிரணுச் சுவர்கள் வரிசை வரிசையாகத் தெரியும்.

இனிச் சூளைக்கு வருவோம். அரசின் சிமெண்ட் ஆலை 1979-ல் அரியலூரில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகள் பல எழுந்தன. சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த பொடி, மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்பு உருளைக்குள் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்து கிளிங்கராக உருண்டு வெளிவருகிறது. வெப்பமான எந்தப் பொருளும் அலைகளை வீசும். வெப்பம் கூடக் கூட அந்த அலைகளின் உச்சம் நீளம் குறைந்த பக்கமாக நகரும். சூரியனுடைய மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி. அதன் உச்சம் கண் காணும் பகுதியின் நடுவே விழுகிறது. சூளைக்குள் இருக்கும் கிளிங்கரின் உச்சமோ 1.7 மைக்ரான் அளவில், அகச்சிவப்பில் இருக்கிறது. நமக்குத் தெரியும் ஆரஞ்சு ஜுவாலை அந்தப் பெரும் பிரவாகத்தின் ஓர் ஓரம் மட்டுமே. முற்காலத்துச் சூளைத் தொழிலாளி நீலக் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஜுவாலையின் கூச்சத்தை அடக்கி, கிளிங்கரின் நிறத்தைக் கொண்டே பதம் சொன்னார். நிறத்தைக் கொண்டு வெப்பத்தைக் கணிப்பது பௌதிக சாஸ்திரத்தின் மிக ஆழ்ந்த பிரச்சினைகளில் ஒன்றாக இருந்து, 1900-ல் பிளாங்க் அதற்கு விடை கண்டபோது குவாண்டம் கொள்கை பிறந்தது. அந்தத் தொழிலாளியின் அனுபவ ஞானத்துக்கு நாம் தக்க மதிப்புக் கொடுத்ததில்லை என்பது என் கருத்து.

சூளையின் இரும்புத் தோல் சில நூறு டிகிரி வெப்பத்தில் இருந்தாலும் கண்ணுக்குக் கறுப்பாகவே தெரியும். ஏனெனில் ஏறத்தாழ 525 டிகிரியைத் தாண்டினால்தான் எந்தப் பொருளும் கண்ணுக்குப் புலனாகும் செம்மையை வீசத் தொடங்கும். உள்ளே பதித்த நெருப்புச் செங்கல் ஓர் இடத்தில் பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோல் காய்ந்து சிவக்கும். அது கண்ணுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். அதனால் அகச்சிவப்பை உணரும் ஸ்கேனர் எட்டி நின்று இரவும் பகலும் சூளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்திலோ கல்பொடியின்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சுகிறார்கள். கால்சியம், சிலிகான், அலுமினியம், இரும்பு ஆகிய ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளத்தில் எக்ஸ் கதிரைத் திருப்பி வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. சில நிமிஷங்களில் கல்லின் கலவை தெரிந்துவிடுகிறது. நிறமாலையின் இரண்டு தொலைதூரப் பகுதிகள் ஒரே ஆலையின் மதிற்சுவருக்குள் தினந்தோறும் வேலை செய்ய, அந்த மதிலுக்கு வெளியே உள்ள பள்ளிக்கூடத்துப் பிள்ளை எக்ஸ் கதிரை எலும்பு முறிவோடு மாத்திரம் சம்பந்தப்படுத்தி நினைப்பது மிகவும் வருந்தத்தக்கது.

வயல்களும் கண் காணாத ஒளியில் பேசுகின்றன. பசுமையான இலை சிவப்பு ஒளியைப் பச்சையத்துக்காக உட்கொண்டு, அதற்கு அடுத்த அகச்சிவப்பை ஏறத்தாழப் பாதியளவுக்குத் திருப்பி அனுப்புகிறது. நோயுற்ற இலையிலும் வாடிய இலையிலும் இந்த விகிதம் குறையும். 1988-ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்-1ஏ முதலாக இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் இந்த வேற்றுமையைக் கொண்டே பயிர்நிலையைக் கணிக்கின்றன. ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் 2024-ல் சேர்ந்த, அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்குப் பனிக்காலத்தில் வந்து சேரும் பறவைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும்: மனிதனுடைய கண்ணில் மூன்று வகை நிற உணரிகள் இருக்க, பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு உண்டு, பல பறவைகள் புற ஊதாவையும் காணும்.

அரியலூர் மாவட்டத்தில் ராஜேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில், மலர்ந்த தாமரையாகச் சூரியனை வைத்து, சுற்றிலும் மற்றக் கிரகங்களை அமைத்து, ஏழு குதிரைகள் இழுக்கும் தேராக ஒரே கல்லில் வடித்த நவக்கிரகம் இருக்கிறது. அந்த ஏழு குதிரைகளும் ஏழு நிறங்களே என்று சிலர் பெருமையோடு கூறுகிறார்கள். நியூட்டன் முதலில் ஐந்து நிறங்களையே எண்ணி, பின்னர் சங்கீதத்தின் ஏழு ஸ்வரங்களுக்கு இணையாக இரண்டைச் சேர்த்தார். வானவில்லில் எல்லைக்கோடு எதுவும் இல்லை, நிறம் இடைவிடாமல் நழுவிச் செல்கிறது. சிற்பியின் பெருமைக்கு இந்த வலிந்த பொருத்தம் தேவையில்லை. சூரியனைக் கிரகங்களுக்கெல்லாம் நடுநாயகமாகக் கல்லில் நிறுத்திய அவனுடைய கற்பனையே போதுமான அதிசயம்.

ஆகாயத்தை விட்டுவிட்டு ஒளியின் கதையை முடிக்க இயலாது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியலையைவிட மிகமிகச் சிறியவை. அத்தகைய துகள்கள் குறுகிய அலைகளை மிகுதியாகச் சிதறடிக்கும். முன் சொன்ன கணக்கில் 450 பங்கு அலைநீளமுள்ள நீலம், 650 பங்குள்ள சிவப்பைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுவதால் வானம் நீலமாகிறது. துகள் பெரிதானால் எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறும். அப்போது வானம் வெளுக்கும். ஐப்பசி மழை கழுவிவிட்ட மறுநாள் காலையில் அரியலூர் வானத்தையும், கோடையில் டிப்பர் லாரிகள் போய்வரும் சுரங்கச் சாலையின்மேல் தெரியும் வானத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த விதியைக் கண்ணாலேயே அறிவார்கள். அந்த வெளுப்பு, அவ்வூர் மக்கள் சுவாசிக்கும் தூசியின் அடையாளமும் ஆகும். சுண்ணாம்புக்கல்லை மூடாமல் ஏற்றிச் செல்வது நிற்க வேண்டும் என்பதற்கு ஆகாயத்தின் நிறத்தைவிட வெளிப்படையான பிரமாணம் வேண்டியதில்லை.

அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிம அருங்காட்சியகம் இருக்கிறது. சாத்தனூரில் கல்மரப் பூங்கா இருக்கிறது. இரண்டிலும் காலத்தின் கதை சொல்லப்படுகிறது. ஒளியின் கதையும் அங்கே சொல்லப்பட வேண்டும். ஒரு தெளிந்த கால்சைட் படிகம், இரண்டு தளவிளைவுத் தகடுகள், ஒரு ஜிப்சம் ஏடு, ஒரு பட்டகம், ஹெர்ஷல் செய்ததை மறுபடியும் செய்து பார்க்கச் சில வெப்பமானிகள், சாய்த்துப் பார்க்க ஒரு முத்துச் சிப்பி: இவ்வளவும் ஒரு மேஜையில் அடங்கும்; பெருஞ்செலவும் இல்லை. சிமெண்ட் ஆலைகளின் நிர்வாகிகள், ஒவ்வோர் ஆண்டும் ராமனுடைய நினைவாகத் தேசிய அறிவியல் நாள் கொண்டாடப்படும் பிப்ரவரி 28-ஆம் தேதியன்று, சுற்றுவட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளைத் தங்கள் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடத்துக்கும் சூளை ஸ்கேனரின் திரைக்கும் அழைத்துச் சென்று காட்டட்டும். இரண்டு மாவட்டங்களின் ஆட்சியர்களும் கல்வித் துறையும் இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.